மேற்கைத் தோல் குறைப்பில் இளம் அறுவை மருத்துவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேற்கையில் தொங்கும் தோலை அகற்றும் பிராக்கியோபிளாஸ்டியைப் பயிற்சி மருத்துவர்கள் செய்யும்போது நான் அருகில் நிற்பது வழக்கம். தொடக்க காலத்தில் நான் செய்த பிழைகளையே அவர்களும் செய்வதைப் பார்க்கையில் மனம் பொறுப்பதில்லை. புகைப்பழக்கத்தை நிறுத்தச் சொல்வதும், உடல் எடை ஒரு நிலைக்கு வரும்வரை காத்திருப்பதும் எல்லோரும் அறிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

இரு கோடுகளையும் முதலிலேயே வெட்டிவிடுவது

பல ஆண்டுகளுக்கு முன்பு, உடல் எடையைப் பெருமளவு குறைத்திருந்த ஒரு பெண்மணிக்கு இந்த அறுவையைச் செய்தேன். அவரை உட்காரவைத்து, கையைப் பக்கவாட்டில் உயர்த்தி முழங்கையை மடக்கச் சொல்லி, தோலைக் கிள்ளிப் பார்த்து இரு கோடுகள் வரைந்தேன். அறுவை அரங்கில் அந்த இரண்டையும் ஒரே மூச்சில் வெட்டி, இடையிலிருந்த தோல் முழுவதையும் எடுத்துவிட்டு, நிதானமாக இரத்தக்கசிவை நிறுத்திக்கொண்டிருந்தேன். அதற்குள் கை வீங்கிவிட்டது. முழங்கைப் பக்கம் விளிம்புகள் சேர்ந்தன. நடுவில் இரண்டு விரல் அகலத்துக்குச் சேரவில்லை. வேறு வழியின்றி இழுத்துத் தைத்தேன். தையலைச் சுற்றித் தோல் வெளுத்தது. பன்னிரண்டாம் நாள் அந்த இடம் பிரிந்தது. ஆறு வாரம் கட்டு மாற்றியபின் அவருக்குக் கிடைத்தது பட்டைபோல் அகன்ற தழும்பு.

கிள்ளும்போது இரு விரல்களுக்கிடையே அகப்படும் கொழுப்பின் தடிமனும் அந்த அளவில் சேர்ந்துவிடுகிறது என்பதையும், தோலடியில் செலுத்திய திரவத்தாலும் அறுவையாலும் நேரம் ஆக ஆகக் கை பருக்கும் என்பதையும் நான் கணக்கில் எடுக்கவில்லை. ஆகவே, கிள்ளி வரைந்த கோட்டைவிட உட்புறமாகவே வெட்டுக்கோட்டை வைக்க வேண்டும். முதலில் ஒரு கோட்டை மட்டும் வெட்டி, தோல் மடிப்பைத் தூக்கி, கிளிப்பால் இழுத்துப் பிடித்துப் பார்த்தபிறகே மறுபக்கத்தை முடிவுசெய்ய வேண்டும். சில சென்டிமீட்டர் அகற்றியதும் அந்தப் பகுதியை மூடிவிட்டு அடுத்த பகுதிக்குப் போக வேண்டும். இத்தனை முறை சொல்லியும், நேரம் மிச்சமாகும் என்று இரண்டையும் சேர்த்து வெட்டுகிறவரைக் கண்டால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. மிஞ்சிய தோலை இன்னொரு நாள் எடுக்கலாம். எடுத்த தோலைத் திருப்பி வைக்க முடியாது.

தளர்ந்த தோலுக்கு லைப்போசக்‌ஷன் மட்டும் செய்வது

குழாயால் உறிஞ்சி எடுத்தால் கொழுப்பு போகும், தோலின் தொங்கல் கூடும்.

ஆழத்தில் அறுப்பது

முன்கையின் உட்பக்கத்துக்கு உணர்வு தரும் தோல் நரம்பு, மேற்கையின் கீழ்ப்பகுதியில் பசிலிக் சிரையோடு சேர்ந்து தசையை மூடியிருக்கும் ஆழுறையைத் துளைத்து மேலே வருகிறது. உறையின்மேல் சுமார் 1 சென்டிமீட்டர் கொழுப்பை விட்டு அறுத்தால் நரம்பு பெரும்பாலும் தப்பும்; நிணநாளங்களுக்கும் அது நல்லது.

அக்குளுக்குள் நேர்க்கோடு

நேராகத் தைத்த தழும்பு சுருங்கும். இசட் வடிவில் முறித்துத் தைக்கவும்.

தழும்பைச் சொல்லாமல் விடுவது

அக்குளிலிருந்து முழங்கைவரை ஒரு தழும்பு இருக்கும் என்று வாயால் சொன்னால் பலருக்கும் மனதில் பதிவதில்லை. நான் பேனாவால் அந்தக் கோட்டை அவர்கள் கையிலேயே வரைந்து, கண்ணாடி முன் கையைத் தூக்கிப் பார்க்கச் சொல்கிறேன். தழும்பின் சிவப்பு தணிய ஓராண்டுகூட ஆகலாம் என்றும் அப்போதே சொல்லிவிடுகிறேன். சிலர் நாள் குறிக்காமல், யோசித்துச் சொல்வதாகக் கூறிப் புறப்பட்டுவிடுகிறார்கள். அவர்களை நான் மறுபடி அழைப்பதில்லை.