பழைய டிரெய்லர் வீட்டின் அழுகிய தரை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய கேரவன் டிரெய்லர் (வண்டியின் பின்னால் கட்டி இழுக்கும் சக்கர வீடு) ஒன்றை வாங்கி வந்து, காரைக்குடிப் பக்கம் பின்கட்டிலோ தோப்பிலோ நிறுத்தி, விருந்தாளி தங்கும் அறையாக்க நினைக்கிறீர்கள். உள்ளே ஏறியதும் ஓர் இடத்தில் தரை அமுங்குகிறது. உடனே ஆசாரியைக் கூப்பிட்டு, அந்த இடத்தை மட்டும் வெட்டிப் புதுப் பலகை வைக்கச் சொல்வதுதான் முதல் தவறு.

மரம் தானாக அழுகாது. ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கிற மரத்தைப் பூஞ்சை அரிக்காது. அழுகியிருக்கிறது என்றால் எங்கிருந்தோ தண்ணீர் உள்ளே வந்திருக்கிறது. ஜன்னல் ரப்பர், கூரையில் உள்ள காற்றுத் திறப்பு, பின்விளக்குக்காகப் போட்ட ஓட்டை, கூரையும் சுவரும் சேரும் விளிம்பில் வரிசையாக இருக்கும் ஸ்க்ரூக்கள் என்று வழிகள் பல. தண்ணீர் சுவருக்குள்ளேயே இறங்கி, ஒழுகும் இடத்துக்குச் சம்பந்தமில்லாத மூலையில் போய்த் தேங்கும். ஆகவே உட்சுவர்ப் பலகையைக் கழற்றிவிட்டு, ஒருவர் டார்ச்சோடு உள்ளே இருக்க, இன்னொருவர் வெளியிலிருந்து ஹோஸில் தண்ணீர் அடிக்கட்டும். கீழிருந்து மேலாகப் போக வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடம் நிற்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் வழிகிற தண்ணீர் எல்லா இடுக்கிலும் புகுந்து, எது ஒழுகுகிறது என்றே தெரியாமல் போகும். கோடையிலேயே இதை முடித்துவிடுங்கள். ஐப்பசி அடைமழையில் தரையைத் திறந்து போட்டால் புதுப் பலகையும் ஈரத்தை வாங்கிக்கொள்ளும்.

அடுத்தது, கண்ணால் பார்த்து அளவெடுப்பது. மேலே ஒட்டிய வினைல் பளபளவென்று இருக்கும். அடியில் ப்ளைவுட் உதிர்ந்திருக்கும். வினைலை முழுக்க உரித்துவிட்டு, ஸ்க்ரூடிரைவர் முனையால் கைக்கு எட்டும் இடமெல்லாம் குத்திப் பாருங்கள். நல்ல மரம் முனையை டக்கென்று நிறுத்தும். கெட்ட இடத்தில் அது சொதக்கென்று இறங்கி, காப்பித்தூள் நிறத்தில் ஈரத் துகளோடு வெளியே வரும். முனை நிற்கும் இடத்தோடு வெட்டாதீர்கள். அதைத் தாண்டி, அடுத்த இரும்புக் குறுக்குச் சட்டம்வரை போய் அதன் நடுவில் வெட்டுங்கள். அப்போதுதான் பழைய பலகை, புதுப் பலகை இரண்டின் விளிம்பும் இரும்பின் மேல் உட்காரும்.

பல டிரெய்லர்களில் சுவரே தரையின் விளிம்பில்தான் நிற்கிறது. முட்டுக் கொடுக்காமல் தரை முழுவதையும் ஒரே நாளில் பெயர்த்தால் சுவர் இறங்கும், கதவு மூடாது. பகுதி பகுதியாக மாற்றுங்கள்.

இனி நம் ஊருக்கே உரிய இரண்டு ஆசைகள். ஆத்தங்குடிக் கல் பதிக்கலாமே என்று யாருக்கும் தோன்றும். அது சூளையில் சுடாமல் கண்ணாடி மேல் வார்த்து எடுக்கும் சிமென்ட் கல். 20 மில்லிமீட்டர் கனம் என்று வைத்தால் சதுர அடிக்கு சுமார் 4 கிலோ. நூறு சதுர அடிக்கு 400 கிலோ, கலவை தனி. அச்சு அதைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். தாங்கினாலும், வண்டி ஓடும்போது தரை நெளியும், கல் நெளியாது, விரிசல் விடும். அடுத்த ஆசை, இடித்த வீடுகளிலிருந்து வரும் பர்மா தேக்குப் பலகை. அருமையான மரம்தான், மேசைக்கும் கட்டிலுக்கும் வையுங்கள். தரைக்கு வேண்டாம். தனித்தனிப் பலகைகள் மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும். ப்ளைவுட் ஷீட்போலச் சுவரையும் சேஸிஸையும் (வண்டியின் அடி இரும்புச் சட்டம்) இறுக்கிப் பிடிக்காது.

ப்ளைவுட்டில் ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள, ஈரம் தாங்கும் மரைன் ரகமே வாங்குங்கள். அதையும் அப்படியே போட்டுவிடக் கூடாது. தண்ணீர் குடிப்பது வெட்டு விளிம்பும் ஸ்க்ரூ ஓட்டையும்தான். மாட்டுவதற்கு முன்பே விளிம்பெங்கும் எபாக்ஸி பிசின் இரண்டு கோட் கொடுங்கள், ஓட்டைகளுக்குள்ளும் தடவுங்கள். சேஸிஸில் துருவைச் சுரண்டி, ரெட் ஆக்சைடு அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகே மூடுங்கள்.

கடைசியாக, வண்டியை நிறுத்தும் முறை. செம்மண்ணில் மரக்கட்டையை அடுக்கி அதன் மேல் ஏற்றினால், கரையானுக்கு நீங்களே ஏணி வைத்துக் கொடுத்த மாதிரி. கருங்கல்லோ கான்கிரீட் கட்டையோ வையுங்கள். அடியில் காற்று போகட்டும். மாதம் ஒருமுறை குனிந்து, மண்புற்றுக் கோடு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.