அறுபதை நெருங்கும்போது முதல் பச்சை: யோசிக்கையில் செய்யும் தவறுகள்

ஐம்பத்தெட்டு வயதில் பச்சை குத்திக்கொள்ளப் போகிறேன் என்று வீட்டில் சொன்ன அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு முடியும்வரை அதே பேச்சுதான். “இந்த வயசுல எதுக்கும்மா?” என்றான் மகன். சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள் என்றார் என் வீட்டுக்காரர். நர்ஸாக வேலை பார்க்கும் மருமகள் மட்டும், “அத்தை, நீங்க தினமும் போடற மாத்திரை எதெல்லாம்?” என்று கேட்டாள். அன்றைக்கு எழுந்த கேள்விகளில் உருப்படியான கேள்வி அதுதான்.

அதற்குப் பிறகு ஏறக்குறைய ஒரு வருடம் யோசித்துத்தான் குத்திக்கொண்டேன். இப்போது பெங்களூர் அல்சூரில் என் வயதுப் பெண்கள் கோயிலிலும் காய்கறிக் கடையிலும் என் கையைப் பார்த்துவிட்டு விசாரிக்கிறார்கள். எல்லோரும் முதலில் கேட்பது, “வீட்ல ஒத்துக்கிட்டாங்களா?” என்றுதான். இதைத்தான் முதல் தவறு என்பேன். ஊர் என்ன சொல்லும், பிள்ளைகள் என்ன சொல்வார்கள் என்று வாதாடுவதிலேயே யோசனை முழுக்கச் செலவாகிவிடுகிறது. தோல் எப்படி இருக்கிறது, என்ன மருந்து சாப்பிடுகிறோம், என்ன எழுதப் போகிறோம், யாரிடம் கையை நீட்டப் போகிறோம் என்பதற்கு அரை மணி நேரம்கூட மிஞ்சுவதில்லை. வயதைக் காட்டி வேண்டாம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் வயதான உடம்பு கேட்கும் கேள்விகளுக்குப் பதில் தெரியாமல் போய் உட்காரக் கூடாது.

இதற்கு நேர்மாறான தவறும் இந்த ஊரில் நடக்கிறது. அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு எல்லோரும் ஒரே மாதிரி குத்திக்கொள்ளலாம் என்று பிள்ளைகள் ஆசையாகக் கூப்பிடுகிறார்கள். அம்மாவும் அப்பாவும் மறுக்க மனசு வராமல் கிளம்பிவிடுகிறார்கள். பிள்ளைகளுக்காகச் சினிமாவுக்குப் போகலாம். இதற்குப் போக வேண்டாம்.

புதிதாகப் போட்ட கோடுகளை மட்டும் பார்ப்பது

என் பாட்டியின் முன்கையில் ஒரு கோலம் இருந்தது. அவருக்குக் கல்யாணத்துக்கு முன்னால் குறத்தி வந்து குத்திவிட்டாளாம். எனக்கு நினைவு தெரிந்தபோது அதன் கோடுகள் பரந்து, புள்ளிகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து, நிறம் நீலப் பச்சையாக மாறியிருந்தது. பச்சை என்று பெயர் வைத்தவர்கள் அந்த நிறத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள். கறுப்பு மை தோலுக்கு அடியிலிருந்து தெரியும்போது அப்படித்தான் தெரியும்.

ஊசி ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர்தான் இறங்குகிறது. மேல்தோல் ஏறக்குறைய மாதத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்வதால் மையை அதற்குக் கீழே உள்ள அடித்தோலில் வைக்கிறார்கள். நோய்க்கிருமிகளை விழுங்கும் வெள்ளை அணுக்களில் ஒரு வகை அந்த மையையும் விழுங்கி அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். அந்த அணு சாகும்போது சிந்தும் மையைப் பக்கத்தில் வரும் இன்னொரு அணு வாங்கிக்கொள்கிறது என்று 2018-இல் பிரான்ஸ் ஆராய்ச்சியாளர்கள் எலிகளில் காட்டினார்கள். இப்படிக் கைமாறிக் கைமாறித்தான் பச்சை நிலைக்கிறது. கோடு ஊசி முனைபோல் கூர்மையாகவே இருக்கும் என்று மட்டும் எதிர்பார்க்க முடியாது.

இருபது வயதுத் தோலுக்கும் நம் தோலுக்கும் வித்தியாசம் பெரிது. வயதாக ஆக அடித்தோலில் தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் குறைகிறது, தோல் மெலிகிறது. கொஞ்சம் ஆழமாகக் குத்திவிட்டாலும் மை கீழே கசிந்து, நனைந்த காகிதத்தில் பேனா மை பரவுகிற மாதிரி பரவிவிடும். வருடக்கணக்காக வெயில் பட்ட முன்கையின் வெளிப்பக்கத்தைவிட உட்பக்கமும் மேல்கையின் உட்பக்கமும் நல்ல இடங்கள். தலைமுடி கனத்தில் கோடு போட்ட படங்கள் பார்க்க அழகாக இருக்கும். நம் வயதில் அவற்றைத் தேர்ந்தெடுப்பது சரியில்லை என்பது என் கருத்து. மச்சத்தின் மேல் குத்தவே கூடாது. பின்னாளில் அது நிறம் மாறினாலோ வளர்ந்தாலோ மைக்கு அடியில் தெரியாமல் போய்விடும்.

மாத்திரைகளைச் சொல்லாமல் விடுவது

எனக்கு சுகரும் பி.பி.யும் உண்டு. வீட்டில் சொன்ன அந்த வாரமே எடுத்த ரத்தப் பரிசோதனையில் மூன்று மாத சராசரியான ஹெச்பிஏ1சி 8.4 வந்தது. ஏழுக்குக் கீழே வந்த பிறகு பார்க்கலாம் என்றார் டாக்டர். ஐந்து மாதம் ஆனது. பச்சை குத்துவது என்பது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் காயங்கள். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்குக் காயம் ஆறுவது தாமதமாகும், சீழ் பிடிக்கும் வாய்ப்பும் கூடும். சர்க்கரை இருந்தாலே கணுக்காலும் பாதமும் வேண்டாம்.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற, ரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ரத்தக் கசிவு அதிகமாக இருக்கும். கசிகிற ரத்தம் மையையும் வெளியே தள்ளும். அதற்காக நான்கு நாள் மாத்திரையை நாமே நிறுத்திவிடலாம் என்று நினைப்பதுதான் நான் இங்கே சொல்லும் தவறுகளிலேயே மிக ஆபத்தானது. இதய ரத்தக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவர் அப்படி நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொண்டு மாரடைப்பு வரலாம். செயற்கை இதய வால்வு வைத்திருப்பவர்களுக்கு ஊசி வழியே போகும் கிருமி வால்வில் போய் உட்காரும் ஆபத்து உண்டு. அவர்களை வேண்டாம் என்றே தடுப்பேன். ஸ்டீராய்டு மாத்திரையோ மூட்டுவாதத்துக்கு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் போகக் கூடாது. சோரியாசிஸ், வெண்புள்ளி இருப்பவர்களுக்குக் காயம் பட்ட இடத்திலேயே புதிதாக அது கிளம்பலாம். பழைய தழும்பு தடித்துப் புடைத்திருந்தால் பச்சையும் அப்படிப் புடைக்கக்கூடும். அடுத்த சில மாதங்களில் முட்டி மாற்றும் அறுவை சிகிச்சையோ வேறு ஆபரேஷனோ இருந்தால் அது முடியட்டும்.

இன்னொன்று, ரத்தம் பட்ட ஊசி வழியே பரவக்கூடிய கல்லீரல் நோயான ஹெபடைட்டிஸ் பி-க்கான தடுப்பூசி. நம் தலைமுறையில் குழந்தையாக இருந்தபோது போட்டுக்கொண்டவர்கள் கிடையாது. முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது. அந்த ஆறு மாதமும் யோசிப்பதற்குக் கிடைத்த அவகாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் வைத்துக்கொண்டேன்.

எழுத்தைத் திரையில் பார்த்து ‘சரி’ என்பது

பெங்களூரில் தமிழில் பச்சை குத்திக்கொள்பவர்கள் கவனிக்க வேண்டியது இது. என் தோழி ஒருத்தி, கணவரின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த அடுத்த வாரமே அவர் பெயரைக் குத்திக்கொள்ளப் போனாள். செந்தில் என்ற பெயர். கடைப் பையனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. இவள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய எழுத்தை அவன் தன் டிசைன் மென்பொருளில் ஒட்டினான். சில மென்பொருள்களில் தமிழ் எழுத்துகள் சேராமல் உடைந்துபோகும். கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும், புள்ளி விலகி ஓடும், சில சமயம் நடுவே ஒரு புள்ளி வட்டம்கூட முளைக்கும். அன்றைக்குச் ‘ச’ முதலிலும் கொம்பு அதற்குப் பின்னாலும் வந்திருந்தது. கடைசி ‘ல்’ புள்ளி இல்லாமல் ‘ல’ என்று நின்றது. குத்துவதற்கு முன்னால் கையில் ஸ்டென்சிலை, அதாவது எழுத்தின் மாதிரி அச்சை, ஒட்டிக் காட்டியபோது அவள் படிக்கிற கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தாள். அழுது அழுது கண் வேறு வீங்கியிருந்தது. பார்த்து, சரி என்று தலையாட்டிவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் மகள்தான் கண்டுபிடித்தாள். ‘ல’வுக்குப் புள்ளியைப் பிறகு வைத்துவிட்டார்கள். கொம்பை இடம் மாற்ற முடியாது. லேசரில் அழிப்பதென்றால் சில வாரங்களுக்கு ஒன்றாகப் பல தடவை போக வேண்டும், செலவும் அதிகம், மாநிறத் தோலில் வெளிறிய திட்டு விழுந்துவிடலாம். அவள் அப்படியே விட்டுவிட்டாள். புடவை முந்தானையால் அந்தக் கையை மூடிக்கொள்வதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

அதனால் தட்டச்சு செய்த எழுத்தைக் கொடுக்காதீர்கள். காகிதத்தில் கையால் எழுதி, படமாக எடுத்துக் கொடுங்கள். அம்மாவோ அப்பாவோ எழுதிய பழைய கடிதம் இருந்தால் அந்தக் கையெழுத்தே போதும், அதைவிட நல்ல வடிவம் கிடைக்காது. நிஜ அளவில் அச்செடுத்து, தமிழ் நன்றாகப் படிக்கத் தெரிந்த இரண்டு பேரிடம் காட்டுங்கள். ன, ண, ல, ள, ழ எல்லாம் சரியா என்று வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். ஸ்டென்சில் ஒட்டியதும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாருங்கள். தமிழ் தெரிந்த ஒருவரைக் கூடவே அழைத்துப் போங்கள்.

அளவும் முக்கியம். நம் எழுத்துகளில் சுழி அதிகம். ‘ண’வின் சுழிகளும் ‘ழ’வின் வளைவும் பொடியாக எழுதினால் பத்து வருடத்தில் அடைத்துக்கொள்ளும். புள்ளி மேல்கோட்டோடு ஒட்டிக்கொண்டால் ‘ம்’ எது, ‘ம’ எது என்று தெரியாது. எழுத்து ஒரு விரல் அகல உயரமாவது இருக்கட்டும்.

துக்கத்தில் இருப்பவர்களிடம் தலைத்திவசம் முடியும்வரை பொறுங்கள் என்று சொல்வேன். ஒரு வருடம் கழித்தும் அதே பெயர், அதே இடம் என்று மனசு சொன்னால் தாராளமாகப் போகலாம்.

கடையைப் படத்தை வைத்து முடிவு செய்வது

பிரிகேட் ரோடு, இந்திராநகர், கோரமங்களா என்று எங்கே திரும்பினாலும் ஸ்டுடியோ இருக்கிறது. எல்லோரும் காட்டுவது குத்திய அன்றே எடுத்த பளபளப்பான படங்களை. நீங்கள் கேட்க வேண்டியது இரண்டு மூன்று வருடம் ஆன பச்சையின் படத்தை, அதுவும் ஐம்பது வயதைத் தாண்டியவர்களின் தோலில். அப்படி ஒன்றுகூட இல்லை என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். ஊசிப் பாக்கெட்டை உங்கள் எதிரே பிரிக்க வேண்டும், அதில் காலாவதித் தேதி இருக்க வேண்டும். மையைப் புதுக் குப்பியில் ஊற்ற வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். திருவிழாக் கடைகளில் ஒரே ஊசியும் ஒரே கிண்ணத்து மையும் பல கைகளுக்குப் போகலாம். அங்கே உட்காரவே வேண்டாம்.

மை விஷயத்தில் 2025-இல் கர்நாடக சுகாதாரத் துறை அமைச்சர் தினேஷ் குண்டுராவ், சோதித்த மைகளில் 22 உலோகங்கள் இருந்ததாகச் சொன்னார். ஐரோப்பிய ஒன்றியம் 2022-இலிருந்தே மையில் சேர்க்கும் ஆயிரக்கணக்கான ரசாயனங்களுக்குக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. மை பாட்டிலின் பிராண்டு, பேட்ச் எண் இரண்டையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வாமை அதிகம் வருவது சிவப்பில். நான் கறுப்போடு நிறுத்திக்கொண்டேன்.

எப்படி இருக்கும் என்று முதலில் கறுப்பு மருதாணியில் வரைந்து பார்க்கலாம் என்று பலர் சொல்வார்கள். தலைக்குச் சாயம் பூசுபவர்கள் இதைச் செய்ய வேண்டாம். சாயத்தில் இருக்கும் பிபிடி என்ற ரசாயனம்தான் அந்தக் கறுப்புக் கோனிலும் இருக்கிறது. வருடக்கணக்காகச் சாயம் பூசிய உடம்புக்கு அது சட்டென்று ஒத்துக்கொள்ளாமல் போய் கொப்புளம் கிளம்பலாம். பால்பாயிண்ட் பேனாவால் வரைந்து பாருங்கள், அது போதும். நான் அம்மாவின் கோல நோட்டிலிருந்து ஒரு ஐந்து புள்ளிக் கோலத்தை மூன்று மாதம் அப்படித்தான் வரைந்து வரைந்து பார்த்தேன். முதலில் நினைத்த இடம் மணிக்கட்டு. வளையலும் வாட்ச்சும் உரசுவதைப் பார்த்த பிறகு நான்கு விரல் மேலே ஏற்றினேன்.

ஆறும் நாட்களுக்கு இடம் விடாதது

மேலே ஆற இரண்டிலிருந்து நான்கு வாரம், உள்ளே முழுக்க ஆற சில மாதம். நம் வயதில் இன்னும் கொஞ்சம் கூடவே ஆகும். அதற்குள் கல்யாணம், யாத்திரை, நீச்சல் குளம், கோயில் குளத்தில் முழுக்கு எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். பக்கத்து வீட்டிலிருந்து மஞ்சள் வரும், தேங்காய் எண்ணெய் வரும், விபூதி வரும். அன்பாகத்தான் தருகிறார்கள், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். திறந்த காயத்தில் எதையும் பூச வேண்டாம். மென்மையான சோப்பு, சுத்தமான தண்ணீர், சொன்ன களிம்பு மெல்லிசாக, அவ்வளவுதான். பொருக்கைப் பிய்க்கக் கூடாது. சிவப்பு குறையாமல் கூடிக்கொண்டே போனாலோ, காய்ச்சல் வந்தாலோ டாக்டரிடம் போங்கள்.

கடைசியாக, பச்சையைப் பற்றி மருத்துவர்களிடம் சொல்ல மறப்பது. ஒரு வருடத்துக்கு ரத்ததானம் செய்ய முடியாது. எம்.ஆர்.ஐ. பொதுவாகப் பிரச்சினை இல்லை, அபூர்வமாகச் சிலருக்கு அந்த இடம் சுடும், அதனால் ஸ்கேன் எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கையில் குத்திய மை கொஞ்சம் கொஞ்சமாக அக்குளில் இருக்கும் நிணநீர்க் கணுக்களுக்கும் போகிறது. மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராமில் அது சந்தேகமான துகள்களாகத் தெரிந்து வீண் பயத்தைக் கிளப்பக்கூடும். என் மருத்துவ ஃபைலின் முதல் பக்கத்தில், மாத்திரைப் பட்டியலுக்குக் கீழே, மருமகள் தேதியோடு எழுதி வைத்திருக்கிறாள்: இடது முன்கை, உட்பக்கம், கறுப்பு மை.