சந்தைப்படுத்தல் துறைக்கு வருகிறவர்கள் முதலில் பழக வேண்டியது

கோலாலம்பூரில் சந்தைப்படுத்தல் வேலை தேடும் நம் இளைஞர்கள் பலர், நன்றாகப் பேசத் தெரிந்தால் போதும், இத்துறையில் முன்னுக்கு வந்துவிடலாம் என்ற நம்பிக்கையோடு வருகிறார்கள். பேச்சுத் திறன் வேண்டியதுதான். ஆனால் நான் பார்த்த வரையில், இத்துறையில் நிலைத்து உயர்ந்தவர்கள் பிறர் பேசுவதைப் பொறுமையாகச் செவிமடுத்தவர்களே.

இந்தப் பழக்கத்தை வளர்த்துக்கொள்ள வகுப்பு எதற்கும் பணம் கட்ட வேண்டியதில்லை. தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனில் உள்ள ஒரு துணிக்கடையில், முதலாளியிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, ஒரு மணி நேரம் ஓரமாக நின்று பாருங்கள். சேலை எடுக்க வந்த ஓர் அம்மா முந்தானையை விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்ப்பார். விலைச்சீட்டைத் திருப்பிப் பார்ப்பார். பிறகு பக்கத்தில் நிற்கும் மகளின் முகத்தைப் பார்ப்பார். வாங்குவதா வேண்டாமா என்பது பெரும்பாலும் அந்த மூன்றாவது பார்வையில்தான் முடிவாகிறது. விளம்பரத்தில் தள்ளுபடியை மட்டும் கொட்டை எழுத்தில் போடுகிறவர் விலைச்சீட்டைக் கண்டாரே தவிர, மகளைக் காணவில்லை. அன்று காதில் விழுந்ததை அவர்கள் சொன்ன சொற்களிலேயே இரவில் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். வாரத்துக்கு ஒரு கடை என்று மூன்று மாதம் விடாமல் செய்தால், விளம்பர வாசகம் எழுத உட்காரும்போது சொற்களைத் தேடி அலைய வேண்டியிருக்காது.

மறைந்த விளம்பரப்பட இயக்குநர் யாஸ்மின் அஹ்மட் (1958–2009) பெட்ரோனாஸ் எண்ணெய் நிறுவனத்துக்காக உருவாக்கிய பெருநாள் விளம்பரங்களை இன்றும் நாம் நினைவில் வைத்திருப்பதற்கு இதுவே காரணம் என்று நான் கருதுகிறேன். அவை எண்ணெயையும் எரிவாயுவையும் முன்னிறுத்தாமல், இந்நாட்டுக் குடும்பங்களுக்குள் நிகழும் சின்னஞ்சிறு தருணங்களைக் காட்டின. மனிதர்களை நெருங்கிக் கவனிக்காதவரால் அவற்றை எடுத்திருக்க முடியாது.

அடுத்தது மொழியின் மீது அக்கறை. மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் என்று நான்கு மொழிகளில் பேசும் நகரம் இது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எங்கள் தமிழ்ப் பதாகை ஒன்று கொம்பும் துணைக்காலும் எழுத்தை விட்டு விலகி நிற்க, அப்படியே அச்சாகித் தெருவில் தொங்கியது. கணினியின் எழுத்துரு செய்த கோளாறு அது. அச்சுக்குப் போகுமுன் தமிழ் படிக்கத் தெரிந்த நான் ஒரு முறை பார்த்திருந்தால் தவிர்த்திருக்கலாம். யாரும் கேட்காவிட்டாலும் கடைசிப் படியை வாங்கி எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்ப்பதை அன்று முதல் நான் விட்டதில்லை; நீங்களும் முதல் நாளிலிருந்தே அப்படிச் செய்யுங்கள்.

நேர்மையை எண்களில் காட்டுங்கள். ஒரு முகநூல் விளம்பரத்தை 10,000 பேர் பார்த்து, அவர்களில் 12 பேர் மட்டுமே கடைக்கு அழைத்திருந்தால், மாத அறிக்கையின் முதல் வரியில் 12 இருக்க வேண்டும். 10,000 என்ற எண் முதலாளியை ஒரு மாதம் மகிழ்விக்கும். மூன்றாம் மாதம் கல்லாப்பெட்டியே அவருக்கு உண்மையைச் சொல்லிவிடும். வாடிக்கையாளரிடமும் இதே நேர்மை வேண்டும். தவறான எண்ணத்தை உண்டாக்கும் விளம்பரத்தை 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. தம் தொலைபேசி எண்ணையோ முகவரியையோ நேரடி விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதை நிறுத்தும்படி எழுத்து மூலம் கேட்கும் உரிமையை 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வாடிக்கையாளருக்குத் தருகிறது. புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒருவர் "இனி அனுப்பாதீர்கள்" என்று எழுதினால், சட்டப் பிரிவைத் தேடிக்கொண்டிராமல் அன்றே அவருடைய எண்ணைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவதே மரியாதை.

நிராகரிப்பைத் தாங்கும் மனம் வேலை செய்யச் செய்யத் தானாக வரும். அதற்கென்று தனிப் பயிற்சி வேண்டாம்.

நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது, சான்றிதழ்களோடு அந்தக் குறிப்பேட்டையும் எடுத்துச் செல்லுங்கள். உங்கள் பலம் என்ன என்று கேட்டால், ஏதேனும் ஒரு பக்கத்தைத் திறந்து, அந்தக் கடையில் நீங்கள் கண்டதையும் அதை வைத்து எப்படி விளம்பரம் செய்வீர்கள் என்பதையும் ஐந்து நிமிடத்தில் சொல்லுங்கள்.