துளசிக் கொழுந்தும் முற்றிய இலையும்: யூஜினாலை டி.எல்.சி.யில் ஒப்பிடுவது எப்படி?

துளசியின் காரமான மணத்தில் யூஜினாலுக்குப் பெரும் பங்கு உண்டு. இலை முற்ற முற்ற அது என்ன ஆகிறது என்பதைக் டி.எல்.சி. மூலம், அதாவது சாற்றில் கலந்துள்ள பொருட்களைத் தட்டில் பூசிய மெல்லிய படலத்தின் மேல் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரிக்கும் முறையில், கல்லூரி ஆய்வகத்திலேயே பார்த்துவிடலாம். தட்டில் புள்ளி வைக்கத் தெரியும் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

1. பறிப்பது. இளசா, முத்தலா என்பதை இலையின் அளவை வைத்து முடிவு செய்யாதீர்கள். நிழலில் வளர்ந்த கிளையில் கொழுந்துகூட அகலமாக இருக்கும். துளசி இலைகள் எதிரெதிராக ஜோடி ஜோடியாக வருபவை. நுனியிலிருந்து எண்ணி முதல், மூன்றாம், ஐந்தாம் ஜோடிகளை எடுங்கள். ஒரே செடி, கதிர் விடாத கிளைகள், ஒரே காலை நேரம்.

பறித்த கையோடு இலையின் அடிப்பக்கத்தை லென்ஸில் பாருங்கள். மினுமினுக்கும் புள்ளிகள்தான் எண்ணெய்ச் சுரப்பிகள். கொழுந்தில் நெருக்கமாகவும், ஐந்தாம் ஜோடியில் விலகியும் தெரியும். சுரப்பிகளில் பெரும்பாலானவை இலை சிறிதாக இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. பிறகு இலை விரியும்போது இடைவெளி கூடுகிறது.

2. ஈரப்பதம். பலரும் தடுக்கி விழும் இடம் இது. கொழுந்தில் தண்ணீர் அதிகம். பச்சை எடையை வைத்து ஒப்பிட்டால் விடை தப்பாகிவிடும். அதற்காக இலையைச் சூட்டில் உலர்த்திவிட்டுச் சாறு எடுக்கவும் கூடாது, யூஜினால் ஆவியாகிவிடும். ஆகவே இரண்டு பங்காகப் பிரியுங்கள். ஒரு பங்கை 105 டிகிரி சூட்டடுப்பில் எடை மாறாமல் நிற்கும்வரை வைத்து உலர் எடை காணுங்கள். பச்சையாக இருக்கும் மறு பங்கில்தான் சாறு எடுக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 1 கிராம் கொழுந்தின் உலர் எடை 0.15 கிராம், முற்றிய இலையுடையது 0.20 கிராம் என்று வந்தால், முன்னதற்கு 3 மி.லி., பின்னதற்கு 4 மி.லி. எத்தில் அசிட்டேட் ஊற்றுங்கள். இரண்டும் சமமாகிவிடும்.

3. சாறு. கல்வத்தில் நீரற்ற சோடியம் சல்பேட்டோடு சேர்த்து அரைத்தால் ஈரத்தை அது பிடித்துக்கொள்ளும். மூடிய குப்பியில் அரை மணி நேரம் வைத்து வடிகட்டுங்கள்.

4. தட்டு. அலுமினியத் தகட்டில் பூசிய, புற ஊதா ஒளியில் ஒளிரும் பொருள் கலந்த சிலிகா ஜெல்தான் (F254) என் தேர்வு. கத்தரிக்கோலாலேயே வெட்டலாம், கண்ணாடித் தட்டில் அது நடக்காது. எல்லாச் சாற்றிலும் ஒரே அளவு வையுங்கள். பக்கத்தில் நீர்த்த கிராம்பு எண்ணெய் ஒரு புள்ளி: அதில் பெரும்பகுதி யூஜினால் என்பதால் அடையாளம் காட்ட அதுவே போதும். புள்ளியை ஹேர் டிரையரால் உலர்த்தாதீர்கள். டொலுயீன், எத்தில் அசிட்டேட் 93:7 கலவையில் ஓட்டுங்கள். 254 நானோமீட்டர் புற ஊதா விளக்கில் யூஜினால் கரும்புள்ளியாகத் தெரியும். வனிலின்–கந்தக அமிலம் தெளித்துச் சூடாக்கினால் மஞ்சள் கலந்த பழுப்பு. தெளிப்பதைப் புகைப்போக்கிப் பெட்டிக்குள், கையுறையும் கண்ணாடியும் அணிந்து செய்யுங்கள்.

5. படிப்பது. கிராம் கணக்கில் கொழுந்து முந்தினாலும், ஓர் இலைக்கு எவ்வளவு என்று கேட்டால் பெரிய இலையே முந்தலாம். எந்தக் கணக்கு என்பதை அறிக்கையில் தவறாமல் எழுதுங்கள்.

பின்சேர்க்கை: கிராம்புப் புள்ளிக்கு நேராக எதுவுமே வரவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். சில துளசி வகைகளில் யூஜினாலைவிட மெத்தில் யூஜினாலே மேலோங்கியிருக்கும்; அது வேறு உயரத்தில் நிற்கும். ஒப்பீட்டில் இறங்கும் முன் உங்கள் செடியின் ஓர் இலையை மட்டும் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.