ஆக்ஸ்ஃபோர்டு அருங்காட்சியகங்கள்: ஒரே நாளில் பார்க்க என் வழி

ஆக்ஸ்ஃபோர்டுக்கு வரும் நம் ஊர்க்காரர்கள் முதலில் கேட்பது, "யுனிவர்சிட்டி வாசல் எங்கே?" என்றுதான். அப்படி ஒரு வாசல் கிடையாது. கல்லூரி, துறை, நூலகம் எல்லாம் ஊருக்குள்ளேயே கலந்து கிடக்கின்றன. பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகங்களும் அப்படித்தான். அவற்றில் நான்கை ஒரே நாளில் நடந்தே பார்க்கலாம். நான்குக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. சிறப்புக் கண்காட்சிகளுக்கு மட்டும் சில சமயம் டிக்கெட் உண்டு.

நான் வேலை பார்ப்பது இந்த ஊரில். சொந்தக்காரர்கள் யார் வந்தாலும் சுற்றிக் காட்டுவது என் பொறுப்பு. எல்லா அறைகளையும் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பினால் மதியத்துக்குள் கால் ஓய்ந்துவிடும், மனதில் எதுவும் தங்காது. அதனால் ஒரே ஒரு சேகரிப்பின் தடத்தைப் பிடித்துக்கொண்டு போவேன்.

அந்தச் சேகரிப்பு ட்ரடெஸ்கன்ட் என்ற அப்பா, மகன் இருவருடையது. 17ஆம் நூற்றாண்டில் லண்டனின் லாம்பெத் பகுதியில் வாழ்ந்த தோட்டக்காரர்கள். செடி தேடிப் போன இடங்களிலிருந்து கிளிஞ்சல், இறகு, ஆயுதம், உடை, பதப்படுத்திய பறவை என்று கையில் கிடைத்ததையெல்லாம் கொண்டுவந்து சேர்த்தார்கள். 1656இல் மகன் அதற்கு ஒரு பட்டியலே அச்சிட்டார். பிறகு அது எலியாஸ் ஆஷ்மோல் என்ற பழம்பொருள் ஆர்வலரின் கைக்குப் போய், அவர் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்து, 1683இல் பொதுமக்களுக்குத் திறந்தது. பின்னால் துறைகள் பிரியப் பிரிய பொருள்களும் பிரிந்தன. அந்தப் பிரிவுதான் நம் வழித்தடம்.

திங்கட்கிழமை வராதீர்கள். பல நாட்டு மக்களின் பொருள்கள் உள்ள பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகம் அன்று மதியம்தான் திறக்கும். மற்ற நாளில் காலை பத்து மணிக்கு பார்க்ஸ் ரோட்டில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் தொடங்குங்கள். லண்டன் பாடிங்டனிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஸ்டேஷனிலிருந்து அரை மணிக்குள் நடந்துவிடலாம்.

உள்ளே நுழைந்ததும் எல்லாரும் டைனோசர் எலும்புக்கூட்டைப் பார்த்து ஓடுவார்கள். நீங்கள் ஒரு நிமிடம் நின்று தூண்களைப் பாருங்கள். 1860இல் திறந்த இந்தக் கட்டடத்தில் சுற்றியுள்ள ஒவ்வொரு தூணும் பிரிட்டனின் வேறு வேறு கல். எந்தக் கல், எங்கிருந்து வந்தது என்று அடியில் பொறித்திருக்கும். மேலே போதிகையில் உள்ள இலை, பூ எல்லாம் ஓ'ஷே சகோதரர்கள் என்ற அயர்லாந்துச் சிற்பிகள், பல்கலைக்கழகத் தாவரவியல் தோட்டத்துச் செடிகளை எதிரில் வைத்துக்கொண்டு செதுக்கியவை. கட்டடமே பாடப்புத்தகம். நம் கோயில் தூண்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கைவேலை உடனே பிடிபடும். இதைப் பார்க்காமல் நடப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

அப்புறம் டோடோ. மொரீஷியஸ் தீவில் அழிந்துபோன பறவை. ட்ரடெஸ்கன்ட் சேகரிப்பில் இருந்த அந்த ஒற்றைப் பறவையின் தலையும் பாதமும்தான் மிச்சம். உலகில் டோடோவின் தோலும் தசையும் எஞ்சியிருப்பது அதில் மட்டுமே. அசல் பத்திரமாக உள்ளே இருக்கிறது. கூடத்தில் நீங்கள் பார்ப்பது வார்ப்பும் மாதிரியும். 2018இல் ஸ்கேன் செய்து பார்த்தபோது மண்டையில் ஈயக் குண்டுகள் தெரிந்தன. பின்னாலிருந்து சுட்டிருக்கிறார்கள். ஒரு பொருளைப் பாதுகாத்து வைத்தால் சுமார் 350 வருடம் கழித்தும் புது விஷயம் சொல்லும் என்று குழந்தைகளிடம் நான் சொல்வது இங்கேதான். பக்கத்தில் மெகலோசாரஸ் எலும்புகளையும் காட்டுங்கள். 1824இல் வில்லியம் பக்லண்ட் அறிவியல் முறைப்படி பெயரிட்ட முதல் டைனோசர் அது.

கூடத்தின் பின்பக்கக் கதவுதான் பிட் ரிவர்ஸுக்கு வாசல். வெளிச்சத்திலிருந்து திடீரென இருட்டுக்குள் போவீர்கள். கண் பழகும்வரை படியிலேயே நில்லுங்கள். பழைய பாத்திரக் கடைபோல் தரையிலிருந்து கூரைவரை பொருள்கள். நாடுவாரியாகத் தேடாதீர்கள், இங்கே அடுக்கியிருப்பது வகைவாரியாக. பூட்டு என்றால் எல்லா நாட்டுப் பூட்டும் ஒரே பெட்டியில். ஆகவே ஆளுக்கு ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்: விளக்கு, சீப்பு, மீன் தூண்டில், எதுவானாலும் சரி. அதை மட்டும் தேடிப் போனால் இந்த இடம் வசப்படும். குட்டிக் குட்டியாகக் கையால் எழுதிய சீட்டுகளைப் படிக்கக் கைப்பேசி விளக்கு உதவும்.

இங்கே முன்பு எல்லாரும் தேடிப் போய்ப் பார்த்தது சுருக்கிய மனிதத் தலைகளை. 2020இல் அவற்றைக் காட்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். சரியான முடிவு என்றே நினைக்கிறேன். யாரோ ஒருவரின் முன்னோரை வேடிக்கைப் பொருளாக வைத்திருக்கக் கூடாது.

மதியச் சாப்பாட்டுக்குக் கடை தேடி அலைய வேண்டாம். கட்டுசாதம் கொண்டுவந்தால் பக்கத்திலேயே யுனிவர்சிட்டி பார்க்ஸ் புல்வெளி இருக்கிறது. மழை என்றால் கவர்டு மார்க்கெட் என்ற கூரை போட்ட சந்தை.

பிறகு பிராட் ஸ்ட்ரீட். அறிவியல் வரலாற்று அருங்காட்சியகம் மதியம்தான் திறக்கும், அதனால் இந்த வரிசை பொருந்தும். 1683இல் ட்ரடெஸ்கன்ட் பொருள்கள் வந்து இறங்கியது இந்தக் கட்டடத்தில்தான். அப்போது மேல்தளத்தில் காட்சிக்கூடம், நடுவில் வகுப்பு, அடித்தளத்தில் வேதியியல் ஆய்வுக்கூடம். பார்ப்பது, கற்பது, செய்து பார்ப்பது மூன்றும் ஒரே கூரைக்குக் கீழே. இன்று ஆஸ்ட்ரோலேப் எனும் பழைய வானியல் கருவிகள் நிறைய இருக்கின்றன. அடித்தளத்தில், 1931 மே 16 அன்று ஐன்ஸ்டைன் இங்கே பாடம் எடுத்தபோது எழுதிய கரும்பலகை, எழுத்து அழியாமல். இங்கே முக்கால் மணி நேரம் போதும்.

கடைசியாக பியூமான்ட் ஸ்ட்ரீட்டில், ஆஷ்மோலின் பெயரைத் தாங்கிய கலை, தொல்பொருள் அருங்காட்சியகமான ஆஷ்மோலியன். ஐந்து மணிக்கு மூடுவார்கள், மூன்று மணிக்காவது உள்ளே இருங்கள். ட்ரடெஸ்கன்ட் பொருள்களில், பௌஹாட்டன் என்ற பழங்குடித் தலைவரின் பெயரால் அழைக்கும் மேலாடை இங்கே இருக்கிறது: நான்கு மான்தோல்களைச் சேர்த்துத் தைத்து, கிளிஞ்சல் மணிகளால் நடுவில் ஒரு மனிதனும் இருபுறம் விலங்குகளுமாக வரைந்தது. வட அமெரிக்காவின் வர்ஜீனியாப் பகுதி மக்கள் செய்தது. பிறகு இந்தியக் கூடங்களுக்குப் போங்கள். வங்காளத்துத் தாம்லுக்கில் கிடைத்த சுடுமண் யட்சியின் நகைகளைக் கிட்டத்தில் நின்று பார்க்க வேண்டும்.

தமிழர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சுந்தரப்பெருமாள்கோவிலைச் சேர்ந்த திருமங்கையாழ்வார் வெண்கலச் சிலையை இந்த அருங்காட்சியகம் 1967இல் லண்டன் ஏலத்தில் வாங்கியது. 1957இல் அதே சிலை கோயிலில் இருந்தபோது எடுத்த படம் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் சேகரிப்பில் இருந்தது பிறகு தெரியவந்தது. 2024 மார்ச்சில் பல்கலைக்கழகம் சிலையைத் திருப்பித்தர ஒப்புக்கொண்டது. ஆகவே எந்தச் சிலைக்கு முன் நின்றாலும் சீட்டின் கடைசி வரியைப் படியுங்கள். எந்த வருடம், யாரிடமிருந்து, வாங்கியதா, கொடையா என்று அங்கேதான் இருக்கும். பிள்ளைகளையும் அதைப் படிக்கப் பழக்குங்கள்.

மாணவர்களுக்கு ஒரு தகவல். காட்சியில் வைத்திருப்பது கொஞ்சம்தான். ஆஷ்மோலியனில் ராஃபேல், மைக்கலாஞ்சலோ கையால் வரைந்த ஓவியத்தாள்களைக்கூட முன்பதிவு செய்து படிப்பறையில் உட்கார்ந்து பார்க்கலாம். இணையதளத்தில் பொருளின் பதிவு எண்ணைத் தேடிக் குறித்துக்கொண்டு, ஏன் பார்க்க விரும்புகிறீர்கள் என்று நாலு வரியில் மின்னஞ்சல் எழுதுங்கள். பேராசிரியராக இருக்க வேண்டியதில்லை. பயணத் தேதிக்குச் சில வாரம் முன்பே எழுதினால் நல்லது. பென்சில் மட்டும் எடுத்துப் போங்கள், பேனாவைப் பைக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.