மலையேறிகள் ஏன் உயிரைப் பணயம் வைக்கிறார்கள்: நாம் செய்யும் தவறுகளும் அவர்கள் செய்யும் தவறுகளும்

மலையில் யாராவது இறந்த செய்தி வந்தால், “இவங்களுக்கு இது தேவையா?” என்று கேட்காதவர்கள் குறைவு. கேள்வி நியாயமானதுதான். அதற்கு நாமே சொல்லிக்கொள்ளும் பதிலில்தான் கோளாறு.

“திரில்லுக்காகப் போறாங்க” என்பது முதல் தவறு. விமானத்திலிருந்து குதிப்பவருக்கு அது பொருந்தலாம். எட்டாயிரம் மீட்டர் மலையில் வாரக்கணக்கில் கூடாரத்தில் காத்துக் கிடக்க வேண்டும். பசி இருக்காது, தூக்கம் வராது, ஓரடி வைக்க நாலு மூச்சு வாங்கும். இதில் திரில் எங்கே இருக்கிறது? பிரிட்டனின் பாங்கர் பல்கலைக்கழக உளவியலாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வும் இந்த இரு கூட்டத்தாரையும் பிரித்தே பார்த்தது. அன்றாட வாழ்வில் தன் உணர்வுகளும் முடிவுகளும் தன் பிடியில் இல்லை என்று தவிப்பவர்கள், அந்தப் பிடியைத் தேடித்தான் மலைக்குப் போகிறார்கள் என்கிறது அது.

மலையில் இருக்கும் எல்லோரும் ஆசைப்பட்டு வந்தவர்கள் என்று நினைப்பது அடுத்த தவறு. 2014 ஏப்ரல் 18 அன்று எவரெஸ்ட் ஏறும் வழியில் உள்ள, பனி உடைந்து பிளந்து கிடக்கும் கும்பு பனியருவியில் பனிப்பாறை சரிந்து 16 பேர் இறந்தார்கள். அத்தனை பேரும் நேபாளத் தொழிலாளர்கள்; பிறர் ஏறுவதற்காகச் சுமை தூக்கியவர்கள். அவர்களிடம் போய் ஏன் ஏறினாய் என்று கேட்டால், கூலி என்பதைத் தவிர வேறென்ன பதில் வரும்?

இனி, ஏறுகிறவர்கள் செய்யும் தவறுகள்.

அவசரம் முதலாவது. 3,000 மீட்டருக்கு மேல் போனால், நேற்று தூங்கிய இடத்தைவிட இன்று தூங்கும் இடம் 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் தங்கி ஓய்வெடுக்க வேண்டும். தலைவலியும் வாந்தியும் உடம்பு தரும் முதல் எச்சரிக்கை. கால் தள்ளாடினால் மூளையிலும், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலிலும் நீர் கோக்கிறது என்று கொண்டு உடனே கீழே இறங்க வேண்டும். பலர் இதை மறைப்பார்கள், திருப்பி அனுப்பிவிடுவார்களே என்ற பயம்.

ஆனால் எல்லாவற்றையும்விட ஆளைக் கொல்வது, திரும்ப வேண்டிய நேரத்தில் திரும்பாததுதான் என்பேன். நியூசிலாந்து வழிகாட்டி ராப் ஹால் 1995இல், எவரெஸ்ட் உச்சி கிட்டத்தட்ட எட்டிவிட்ட நிலையில், நேரமாகிவிட்டது என்று தன் வாடிக்கையாளர் டக் ஹான்சனைத் திருப்பி அழைத்து வந்தார். ஹான்சன் மறு ஆண்டே மீண்டும் வந்தார். 1996 மே 10 அன்று, பிற்பகல் 2 மணிக்குள் திரும்பிவிட வேண்டிய இடத்தில், அவர் உச்சியைத் தொட்டபோது மணி 4 தாண்டிவிட்டது. ஹாலும் காத்திருந்தார். இரண்டாம் முறையும் “வேண்டாம், திரும்பு” என்று எந்த வாயால் சொல்வது? புயல் வந்தது. அவர்கள் இருவரோடு சேர்த்து 8 பேர் இறந்தார்கள்.

அதே மாதத் தொடக்கத்தில் அதே மலையில் யோரான் க்ராப் இருந்தார். ஸ்வீடனிலிருந்து நேபாளம் வரை சைக்கிளில் வந்தவர். செயற்கை ஆக்சிஜன் இல்லாமல் ஏறி, உச்சிக்குச் சுமார் 100 மீட்டர் இருக்கும்போது, இறங்க வெளிச்சம் போதாது என்று கணக்குப் போட்டுத் திரும்பிவிட்டார். மே 23 அன்று மறுபடி போய் ஏறியும் விட்டார். அவருக்கு ஆசை குறைவு என்று யாராவது சொல்ல முடியுமா? எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதை அடிவாரத்திலேயே முடிவு செய்ய வேண்டும் என்பது இதனால்தான். கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு ஆக்சிஜனை வைத்துக்கொண்டு மேலே யோசிக்கும் மூளையை நம்பக் கூடாது.

கடைசித் தவறு, உச்சியோடு வேலை முடிந்தது என்று தளர்வது. அப்போது காலிலும் தெம்பு இருக்காது, சிலிண்டரிலும் ஆக்சிஜன் குறைந்திருக்கும். 1865 ஜூலை 14 அன்று ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மேட்டர்ஹார்ன் உச்சியை முதன்முதலாகத் தொட்ட ஏழு பேரில் நால்வர் இறங்கும்போதே இறந்தார்கள். அனுபவம் குறைந்த ஒருவர் வழுக்கினார். கயிற்றில் பிணைந்திருந்த மூவர் அவரோடு போனார்கள். அவர்களை மற்ற மூவரோடு இணைத்திருந்த கயிறு அறுந்தது; அது அவர்களிடம் இருந்தவற்றிலேயே பழையது, பலவீனமானது. உறுதியான கயிறு பயன்படுத்தாமல் கையிருப்பில் கிடந்தது.