யாயா டூரே ஆட்டத்தை எப்படி பாக்கணும்

ஃபுட்பால்ல மிட்ஃபீல்டு, அதாவது நடுவரிசை, ஆட கத்துக்கணும்னா ஐவரி கோஸ்ட் நாட்டு வீரர் யாயா டூரே மேட்ச் பாருங்க, ஆனா வெறும் கோல் ஹைலைட்ஸ் பாத்தா ஒண்ணும் புரியாது. முதல்ல 2009 சாம்பியன்ஸ் லீக் ஃபைனல், பார்சிலோனாவுக்கு சென்டர் பேக்கா, அதாவது டிஃபென்ஸ் நடுவுல, ஆடுறாரு, எங்க நிக்கிறாருன்னு மட்டும் கவனிங்க. அடுத்து 2012 மே மாசம் மான்செஸ்டர் சிட்டிக்காக நியூகாசிலோட ஆடுன மேட்ச், இதை கண்டிப்பா முழுசா பாக்கணும், டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர் டி யோங் உள்ள வந்ததும் கோச் மான்சினி இவரை முன்னாடி ஏத்திவிட்டாரு, அவ்ளோதான், ரெண்டு கோல், சிட்டி 2-0. அப்புறம் 2014ல ஆஸ்டன் வில்லாவுக்கு எதிரா கடைசி நேரத்துல அடிச்சது, பந்தை கொஞ்சம் முன்னாடி தட்டிட்டு நீள நீளமா கால் வெச்சு ஓடுவாரு பாருங்க, அந்த சீசன்ல லீக்ல மட்டும் 20 கோல்ங்க, அதுவும் மிட்ஃபீல்டர்! ஸ்லோ பண்ணி அந்த முதல் தட்டை பாத்துட்டு கிரவுண்டுல போய் ட்ரை பண்ணுங்க.